சுவரைக் குடைவதா, அலமாரியில் அறை வைப்பதா?

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு கணவனும் மனைவியும் என் பட்டறைக்கு வந்தார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் இரண்டு தலைமுறையாக இருந்தவர்கள். இப்போதுதான் டவுனை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், மாடியில்லாத வரிசை வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறார்கள். அம்மா விட்டுப்போன ஆரம், மனைவியின் தாலிக்கொடி, மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்த வளையல்கள், வீட்டுக் கெரான் (உரிமைப் பத்திரம்), நாலு கடப்பிதழ்கள் (பாஸ்போர்ட்). இவ்வளவையும் வைக்க இடம் வேண்டும்.

"அண்ணே, ரூம் சொவத்தைக் கொஞ்சம் கொடஞ்சு ஒரு ரகசிய அறை வெச்சுக் குடுங்க. மேல ஒரு படத்த மாட்டிக்கிறேன்" என்றார் அவர்.

"சொவத்துல கை வைக்காதீங்கண்ணே. அலமாரியிலயே எங்கயாச்சும் செஞ்சு குடுங்க" என்றார் அந்தத் தங்கச்சி.

முப்பது வருடமாக இந்த ஊரில் தச்சு வேலை செய்கிறேன். வீடு மாறி வருகிறவர்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஒரே வார்த்தையில் பதில் சொன்னால் யாருக்காவது நஷ்டம் வரும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம் தாத்தா பாட்டிமார்கள் சுவரைக் குடைந்ததில்லை. அது அவர்கள் சுவரே இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடு கம்பெனியின் சொத்து. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் எது எடுத்துக்கொண்டு போகக்கூடியதோ அதில்தான் ஒளித்தார்கள். என் பாட்டியின் தகரப் பெட்டிக்கு அடியில் இரண்டாவதாக ஒரு தகடு இருந்தது. தாத்தா அதைக் 'கள்ள அறை' என்பார். தகட்டுக்கு மேலே பழைய சேலைகள், அதற்கு மேலே பாச்சை உருண்டை. மூன்று தோட்டம் மாறியும் அந்தப் பெட்டி கூடவே வந்தது. இன்றைக்கும் தோட்டத்து வீட்டிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர் என்னிடம் வந்தால் சுவர்ப் பேச்சே எடுக்க மாட்டேன். நகரும் சாமானில்தான் அறை.

சொந்த வீடு என்றால் சுவரைப் பற்றிப் பேசலாம். ஆனால் என்ன சுவர் என்று தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

இங்கே தாமான் வீடுகளில் பெரும்பாலும் கான்கிரீட் தூணும் உத்திரமும்தான் பாரம் தாங்குகின்றன. நடுவில் ஒற்றைச் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். 'நாலரை அங்குலச் சுவர்' என்று நாங்கள் சொல்வது அதைத்தான். இரண்டு பக்கமும் பூச்சு சேர்ந்தால் ஐந்தரை, ஆறு அங்குலம் வரும். இதில் ஒரு செங்கல்லை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மிச்சம் இருப்பது வெறும் பூச்சுதான். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்தேன். ஒருவர் கேட்டார் என்று படுக்கையறைச் சுவரில் இரண்டு கல்லை எடுத்தேன். மூன்றாம் நாள் அடுத்த அறைப் பக்கம் பூச்சில் கோழிக்கால் மாதிரி வெடிப்பு ஓடியது. அதைப் பூசி, மணல் தாள் போட்டு, சாயம் அடித்து முடித்தபோது வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அங்கே ஒரு புது வெள்ளைத் திட்டு நின்றது. மறைக்கப் போன இடத்தை நானே காட்டிக்கொடுத்துவிட்டேன். அந்த வேலைக்குக் காசு வாங்கவில்லை.

அண்டை வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் சுவர் தடிமனாக இருக்கும், ஒன்பது அங்குலம் வரைகூடப் போகும். அங்கே ஆழம் கிடைக்கும் என்று ஆசை வரும். அதில் கை வைக்கவே கூடாது. பாதிச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது, தீ பரவாமல் தடுக்க நிற்கிற சுவரும் அதுதான். மலிவு விலை வீடுகள், அடுக்குமாடிகள் சிலவற்றில் செங்கல்லே கிடையாது, முழுச் சுவரும் கான்கிரீட். முட்டினால் எங்கும் ஒரே கெட்டிச் சத்தம் வரும். அந்தச் சுவர்தான் கட்டடத்தைத் தாங்குகிறது. அதைக் குடையச் சொல்லி எவ்வளவு கொடுத்தாலும் நான் வர மாட்டேன். சுவரை இடிப்பது, வீட்டின் அமைப்பை மாற்றுவது என்று வந்துவிட்டால் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அடுக்குமாடி என்றால் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும். அனுமதி கேட்டு எழுதுகிற நிலைக்குப் போன பிறகு அது என்ன ரகசியம்?

இன்னொன்று, சுவருக்குள் ஒயர் ஓடுகிறது. சுவிட்சுக்கு நேர் மேலே, பிளக்குக்கு நேர் கீழே, குழாய்க்கு நேர் கோட்டில் எங்கும் உளி படக்கூடாது. கழிவறையை ஒட்டிய சுவர் எப்போதும் ஈரம். மழை அடிக்கிற வெளிச்சுவரும் அப்படியே. அந்த இடத்தில் கடப்பிதழை வைத்து ஒரு வருடம் கழித்து எடுத்துப் பாருங்கள், ஓரம் முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சை பூத்திருக்கும்.

அப்படியானால் சுவர் வழியே இல்லையா? ஒரு வழி இருக்கிறது. இருக்கிற சுவரைத் தொடாமல் அதற்கு முன்னால் இன்னொரு பொய்ச் சுவர் எழுப்புவது. மூன்று அங்குல இரும்புச் சட்டம் அடித்து, கிப்சம் பலகை போட்டு, முழுச் சுவருக்கும் ஒரே சாயம். படுக்கையறை நாலு அங்குலம் சுருங்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தட்டினால் தெரியும், 'டொம்' என்று வெற்றுச் சத்தம் வரும். டிவிக்குப் பின்னால் பலகைச் சுவர் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த மாதிரி ஒன்றை எப்படியும் செய்யப் போகிறீர்கள் என்றால் அதற்குள் ஒரு அறை வைப்பது நல்ல யோசனை. முழுச் சுவரும் ஒரே மாதிரி சத்தம் போடும், சந்தேகம் வராது. அறைக்காக மட்டும் பொய்ச் சுவர் கட்டுவது வீண் செலவு.

சீலிங்கில் வைக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். வேண்டாம். கூரைக்குக் கீழே பகலில் அடுப்படிச் சூடு, எலி வேறு. பழைய வரிசை வீடுகள் சிலவற்றில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, ஒரு வீட்டுச் சீலிங்கில் ஏறினால் அடுத்த வீட்டுக்குத் தவழ்ந்தே போகலாம்.

இனி மரச்சாமான்.

திருடன் வீட்டுக்குள் அதிக நேரம் இருப்பதில்லை. நேராகப் பெரிய படுக்கையறைக்குப் போவான். மெத்தையைப் புரட்டுவான், துணி அலமாரியைக் கொட்டுவான், மேசை அறைகளை உருவிப் போடுவான். அரிசி வாளியையும் அஞ்சறைப் பெட்டியையும்கூட விட மாட்டான், நம் அம்மாமார் பழக்கம் அவனுக்கும் தெரியும். ஆகவே உருவிப் போட்டாலும் தெரியாத அறையாக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பலரும் கேட்கிற 'பொய் அடித்தட்டு வைத்த மேசை அறை' தோற்றுப்போகிறது. வெளியே எட்டு அங்குல உயரம் தெரிகிற மேசை அறை, உள்ளே கைவிட்டால் ஐந்து அங்குலம்தான் இருக்கிறது என்றால் கொட்டும்போதே கனம் சொல்லிவிடும். பின்பக்கம் குட்டையாக்கி, அதற்குப் பின்னால் இடம் விடுவது கொஞ்சம் மேல். ஆனால் முழுதாக வெளியே உருவிவிட்டால் அதுவும் போச்சு.

நான் அதிகம் செய்து கொடுப்பது அலமாரியின் பாதத்தில். துணி அலமாரிக்குக் கீழே தரையிலிருந்து மூன்று, நாலு அங்குல உயரத்துக்கு ஒரு பட்டை இருக்கும். அலமாரி அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். பட்டைக்குப் பின்னால் முழுக்க வெற்றிடம். நாலடி அலமாரி என்றால் நாலடி அகலம், இரண்டடி ஆழம். அது இருப்பதையே யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அலமாரியின் அடிப்பலகையை இரண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டைத் தூக்கினால் கையெட்டும்படி செய்துவிடுவேன். மேலே காலணிப் பெட்டியோ மடித்த போர்வையோ இருக்கும். துணியை எல்லாம் கொட்டினாலும் அடிப்பலகை அடிப்பலகையாகவே தெரியும். இணைப்புக் கோடு சந்தேகம் தராமல் இருக்க, நடுவில் நிற்கும் தடுப்புப் பலகைக்கு அடியிலேயே அந்தக் கோடு வருமாறு அளவெடுப்பேன். வேலையின் நுணுக்கமே அங்கேதான்.

அதைவிட எனக்குப் பிடித்த இடம் சமையலறை மூலை. 'எல்' வடிவத்தில் கேபினட் போட்டால் இரண்டு வரிசை சேரும் மூலையில் கை எட்டாத ஒரு பொந்து தானாகவே உருவாகும். பல வீடுகளில் பலகை அடித்து அதை மூடிவிடுவார்கள். அந்தப் பலகையைக் கழற்றி மாட்டும்படி வைத்தால் போதும், புதிதாக எதையும் குடைய வேண்டியதில்லை. ஆனால் சிங்க்கிலிருந்து எட்ட இருக்க வேண்டும், கேஸ் குழாய் அந்தப் பக்கம் போகக்கூடாது. அலுமினியக் கேபினட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அது எங்கே தட்டினாலும் வெற்றுச் சத்தம்தான் போடும், ரகசிய அறை தனியாகக் காட்டிக்கொடுக்காது. கரையானும் தொடாது.

சாமி மேடைக்கு அடியில் வையுங்கள் என்று கேட்பவர்களுக்கு மட்டும் மறுத்துவிடுகிறேன். விளக்கும் கற்பூரமும் எரிகிற இடம் அது. அதோடு நம் வீடுகளில் சாமி மேடையில் உண்டியல் இருக்கும் என்று தெரியாதவன் யார்?

கரையானைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. தோட்டத்து மண்ணில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதல்ல. ரப்பர் மரத்தையே வேரோடு சாய்க்கிற இனம் இங்கே இருக்கிறது. வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் மண்ணுக்கடியில் கூடு கட்டும் வகை. தரை வெடிப்பில் புகுந்து மண் குழாய் கட்டிக்கொண்டு ஏறும். இருட்டு, ஈரம், யாரும் தொந்தரவு செய்யாத இடம், இம்மூன்றும் அதற்குப் பிடிக்கும். ரகசிய அறை என்பது இந்த மூன்றும் சேர்ந்த இடம்தான். அதனால் மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பவர்களுக்கே இதைச் செய்து கொடுப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மரமும் முக்கியம். நம் ஊர் ரப்பர் மரத்தில் அழகான சாமான் வருகிறது. பால் வற்றிய மரத்தை அறுத்துப் போரான் மருந்தேற்றி வருவதால் பூச்சி தொடாது. ஆனால் அந்த மருந்து தண்ணீரில் கரைந்துபோகும். ஆகவே துடைப்பத் தண்ணீர் படுகிற பாதப் பகுதிக்கு அது ஆகாது. சிப்போர்டு இன்னும் மோசம், ஈரம் பட்டால் ரொட்டி மாதிரி உப்பிவிடும். பாதத்துக்கு நான் போடுவது பிளைவுட், வெட்டிய விளிம்புகள் எல்லாவற்றுக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ்.

திறக்கிற முறையில் பலரும் மயங்கிப்போவது கார்டு வைத்தால் திறக்கும் மின்பூட்டுகளில். பேட்டரி தீர்ந்துபோனால் அலமாரியை உடைக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அழுத்தினால் துள்ளித் திறக்கும் பூட்டு மலிவு. ஆனால் குழந்தை முழங்கால் பட்டாலும் திறந்துகொள்ளும். எனக்குத் திருப்தி தருவது காந்தப் பூட்டு. பலகைக்கு வெளியே சரியான இடத்தில் காந்தத்தை வைத்தால் உள்ளே இருக்கிற நாக்கு விலகும். நல்ல காந்தம் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டைத் தாண்டியும் இழுக்கும். காந்தத்தை ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு பொம்மையின் முதுகில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். எந்தப் பூட்டானாலும் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் பலகையை வெட்ட வேண்டும். ஆண்டு முடிவில் மழை கட்டிப் பெய்யும்போது மரம் ஊதும். இறுக்கமாக வெட்டியிருந்தால் விழா நாளில் நகை எடுக்க முடியாமல் திண்டாடுவீர்கள்.

உள்ளே வைப்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. வெள்ளிக் கொலுசையோ குங்குமச் சிமிழையோ ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். அந்த ரப்பரில் கந்தகம் கலந்திருக்கும், வெள்ளி கறுத்துப்போகும். சூட்டில் அது இளகி நோட்டிலும் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது காகிதத்தோடு வரும். பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது, மாற்ற வேண்டும்.

தீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. காகிதம் சுமார் 230 டிகிரி செல்சியசில் பற்றிக்கொள்ளும். தூய பொன் உருக 1064 டிகிரி வேண்டும், 916 நகைக்குக் கொஞ்சம் குறைவு. வீடு எரிந்தால் நகை கட்டியாகவாவது கிடைக்கலாம், கெரானும் பிறப்புப் பத்திரமும் சாம்பல்தான். மரத்தில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக அறை வைத்தாலும் அது தீயைத் தடுக்காது. ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும் என்று சான்று உள்ள இரும்புப் பெட்டி அதற்குத்தான். அந்தப் பெட்டியின் சுவரில் அடைத்திருக்கும் பொருளே ஈரத்தை வெளிவிடும் என்பதால் பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்க வேண்டும். சின்னப் பெட்டியை வாங்கி அலமாரிக்குள் சும்மா வைத்தால், திருடனுக்குக் கைப்பிடியோடு கொடுத்த மாதிரி ஆகிவிடும். கான்கிரீட் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். நாலரை அங்குலச் சுவரில் போட்டால் இரண்டு இழுப்பில் செங்கல்லோடு வரும்.

வங்கிப் பெட்டகம் எல்லாக் கிளையிலும் கிடையாது, ஈப்போ வரைக்கும் போக நேரலாம். ஆனால் வருடத்தில் ஒரு கல்யாணத்துக்கு மட்டும் போடுகிற ஆரத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஒன்று ஞாபகம் இருக்கட்டும். மலேசிய வைப்புத்தொகை காப்புறுதிக் கழகம், பிஐடிஎம், ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை பாதுகாப்புத் தருகிறது. அது கணக்கில் உள்ள பணத்துக்கு மட்டும்தான், பெட்டகத்துக்குள் இருக்கிற நகைக்கு அல்ல. நகை கடையில் வாங்கிய ரசீதும் நகையின் படமும் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கட்டும்.

காசை ஒளித்து வைக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தை மொத்தமாக எடுத்து வீட்டில் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேயே விட்டிருந்தால் லாப ஈவாவது வரும். ஜப்பான்காரன் காலத்து வாழைமரம் போட்ட நோட்டு 1945க்குப் பிறகு வெறும் தாளாகிப்போன கதையை என் பாட்டி சொல்லிச் சொல்லி அழுவார். அது பழங்கதை என்று நினைத்திருந்தேன், கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், ஒருவரின் அலமாரி என் பட்டறைக்கு வரும் வரைக்கும்.

அவர் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தவர். பக்கவாதம் வந்து பேச்சு போய், ஏழு மாதம் படுக்கையில் கிடந்து இறந்தார். பிள்ளைகள் வீட்டைக் காலி செய்தபோது பழைய நியாத்தோ மர அலமாரியை என்னிடம் 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) கொடுத்தார்கள். கால் ஒன்று ஆடியது. கவிழ்த்துப் போட்டுப் பாதப் பட்டையைக் கழற்றினேன். உள்ளே, அடிப்பலகையோடு இரண்டு ஆணியில் தொங்கவிட்ட ஒரு பிஸ்கட் தகரம். மூடி துருப்பிடித்து ஒட்டியிருந்தது. நெம்பித் திறந்ததும் மண்வாசம் அடித்தது. கரையான் கடிதங்களைத் தின்று தூளாக்கியிருந்தது, ஒரே ஒரு உறை மட்டும் மெழுகுத்தாளில் சுற்றியிருந்ததால் தப்பியிருந்தது. உள்ளே ஐந்நூறு வெள்ளி நோட்டுகள் ஆறு. அவற்றோடு ஒரு சிறுமியின் தங்கத் தோடு, ஒரு ஜோடி. அந்த நோட்டும் ஆயிரம் வெள்ளி நோட்டும் 1999 ஜூலை முதல் தேதியிலிருந்து செல்லாது.

உறையை அப்படியே கொண்டுபோய் அவருடைய மூத்த மகளிடம் கொடுத்தேன். அவர் நோட்டைப் பார்க்கவே இல்லை. தோட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஆசுபத்திரியில படுத்திருக்கும்போது அப்பா காலைக் காலைக் காட்டுவாருண்ணே. கால் வலிக்குதுன்னு நெனச்சு எண்ணெய் தேச்சு விட்டோம்" என்றார்.

அதற்குப் பிறகு அறை செய்து கொடுக்கும்போது ஒன்றைக் கேட்காமல் விடுவதில்லை. உங்களைத் தவிர இன்னொருவருக்கு இதைத் திறக்கத் தெரியுமா? 'பொண்டாட்டிக்கே தெரியக்கூடாது' என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். காரில் இதுபோல் அறை வைக்கக் கேட்டு வந்த ஒருவரையும் அப்படியே.

இனி அந்தத் தம்பதிக்கு வருகிறேன். அவர்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவர் நாலரை அங்குலம், பின்னால் கழிவறை. அதனால் சுவர் வேண்டாம் என்று சொன்னேன். ஆரத்தையும் கல்யாண வளையல்களையும் வங்கிப் பெட்டகத்துக்கு அனுப்பச் சொன்னேன். கெரானையும் கடப்பிதழையும் தரையில் போல்ட் போட்ட சின்னத் தீக்காப்புப் பெட்டிக்கு. அடிக்கடி போடுகிற கொடி, தோடு, மோதிரத்துக்கு அலமாரிப் பாதத்தில் காந்தப் பூட்டோடு ஒரு அறை. மேசை அறையில் ஒரு பழைய பணப்பையில் ஐம்பது வெள்ளியும் ஒரு கவரிங் சங்கிலியும் சும்மா கிடக்கட்டும், வருகிறவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்ற கோபம் வரக்கூடாது. தைப்பூசத்துக்கு வீட்டோடு ஈப்போ கல்லுமலைக்குப் போகும்போது மனம் நிம்மதியாக இருக்கும் என்றார் அந்தத் தங்கச்சி. கணவர் படம் மாட்டுகிற ஆசையை விட முடியாமல் கொஞ்ச நேரம் சுவரையே தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அலமாரியைக் கொண்டுபோய் இறக்கினேன். பூட்டு எங்கே இருக்கிறது என்று காட்டினேன். அந்தம்மா உடனே கூடத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டார். இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு படிக்கிற பிள்ளை. காந்தத்தை அவள் கையில் கொடுத்து, "நீ தொறந்து காட்டு" என்றார். முதல் தடவை இடம் தப்பியது. பலகையில் விரலால் தடவி, முடிச்சு விழுந்த ஒரு வரியை அடையாளம் வைத்துக்கொண்டு, இரண்டாவது தடவை திறந்தாள். "இன்னொரு தடவ" என்றார் அம்மா.